மூன்று முறை அளந்த அரிசி

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. பேருந்தில் ஏறினால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், வரிசையில் எனக்கு முன்னால் எத்தனை இலை என்று பார்த்துவிட்டுத்தான் என் இலையில் தண்ணீர் தெளிப்பேன். மருந்துக் கடைக்காரர் மாத்திரையை எண்ணிக் கொடுத்தபின் அவர் எதிரிலேயே மறுபடி எண்ணுவேன். அவர் முகம் சுளிப்பது தெரியும். தெரிந்தாலும் எண்ணுவேன். இது ஒரு வியாதி என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். வியாதிதான். ஆனால் எங்களுக்கு எல்லாம் தப்பாகிப்போன ஒரு வருடத்தில் அந்த வியாதி வீட்டுக்கு ஒத்தாசையாக இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மாற்றலாகித் திருத்தணிக்கு வந்தேன். ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா வேலை. விடியற்காலை வண்டியில் சென்னைக்குப் போகும் பூக்கூடைகள், அம்மையார்குப்பத்திலிருந்து வரும் லுங்கி மூட்டைகள், வெயில் காலத்தில் மாம்பழக் கூடைகள், சில நாள் கூண்டோடு கோழிகள். எல்லாவற்றையும் எண்ணிச் சீட்டு ஒட்டி வண்டியில் ஏற்ற வேண்டும். எண்ணுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமைந்திருக்காது.

வந்த மறுவருடம் கல்யாணம். என் மனைவி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். நைனாவுக்கு நகரிக் கடைத்தெருவில் அரிசிக் கடை. மாதம் ஒரு முறை அவரே ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்குவார். "பன்னெண்டு படி போட்டிருக்கேன்" என்பார். அவர் போனதும் அவள் பாயை விரித்து, பித்தளைப் படியால் அந்த அரிசியை அளந்து தகர டின்னில் கொட்டுவாள். எப்போதும் பதின்மூன்று இருக்கும். "இந்த மாசமும் நைனா ஒண்ணு சேத்துப் போட்டிருக்காரு" என்று என்னிடம் வந்து சொல்லுவாள், ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கண்டுபிடித்ததைப்போல.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டில் பேச்சு என்றால் அவளுடைய பேச்சுதான். அடுப்போடு பேசுவாள், பால்காரியோடு பேசுவாள், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மெக்கானிக் பாயின் மனைவியோடு சுவர் மேலாகவே பேசுவாள். மலையிலிருந்து இறங்கி வந்து வடாம் தூக்கும் குரங்குகளிடம்கூட நியாயம் கேட்பாள். நான் பேசத் தெரியாதவன். எதற்கும் "ம்" என்பேன். வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அந்த 'ம்'களை மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்சல் ஆபீஸ் சாவி என்னிடம்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். அன்றிலிருந்து நான் வாசலில் செருப்பு மாட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து குரல் வரும்.

"சாவி எடுத்தீங்களா?"

எடுத்திருப்பேன். எடுத்திருப்பேன் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பாள். எனக்குச் சுள்ளென்று வரும். திரும்பிப் பார்க்காமல் "ம்" என்று சொல்லிவிட்டு இறங்குவேன்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி. மலைக்குப் போகிறவர்களுக்காக எங்கள் தெருவில் பல வீடுகளில் வாசலில் நீர்மோர்ப் பானை வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் வைப்போம். அன்று நான் ஸ்டேஷனில் இருந்தேன். சிறப்பு ரயில்களில் வந்திறங்கிய கூட்டத்துக்கு நடுவே மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, எண்ணெய்க் கறைபடிந்த சட்டையோடு மெக்கானிக் பாய் வந்து நின்றார்.

"சார், அக்கா மோர் குடுத்துகினு இருந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க. பேச்சு வரல. வாங்க."

கூட்டத்தில் ரிக்‌ஷா நுழையாது. பாயின் ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்க்க வந்த வேன் ஒன்று நின்றிருந்தது. அதற்கு ஒரு கதவு இன்னும் மாட்டவில்லை. அவளைப் பின்சீட்டில் கிடத்தி, கதவு இருக்க வேண்டிய இடத்தில் நான் காலை ஊன்றி உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். காவடிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். யாரோ ஒருவர் ஓடும் வேனுக்குள் கையை நீட்டி அவள் நெற்றியில் விபூதி பூசினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கை மட்டும் நினைவிருக்கிறது, மஞ்சள் கயிறு கட்டிய கை.

பக்கவாதம் என்றார்கள். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு அடியோடு போயிருந்தது. அங்கிருந்த டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்: "நீங்க சொல்றது அவங்களுக்குப் புரியும். பதில்தான் வராது. வரலாம், வராமலும் போகலாம். நீங்க பேசிக்கிட்டே இருங்க." இதைப் போய் என்னிடம் சொன்னார்.

அந்த வருடம் மழையும் பொய்த்தது. வீட்டுக் கிணற்றில் வாளி தரையில் மோதி ஓசை எழுப்பும். எனக்குப் பாதிச் சம்பள விடுப்பு. சமைக்கத் தெரியாது. நான் செய்த உப்புமாவை நானே சாப்பிட முடியாமல் குரங்குக்கு வைத்தால், அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவன் நான். அந்த வருடம் என் கவலைகளுக்கெல்லாம் காரணம் இருந்தது.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போக வேண்டியிருந்தபோது, பாயின் மனைவி தானாகவே வந்து வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் அவளுக்கு முகம் கழுவி, தலை வாரி, கஞ்சி கொடுத்து, நடுவில் தன் வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு, நான் வரும்வரை இருப்பார். நன்றி சொல்ல வாய் எடுத்தால், "இன்னா சார் நீங்க, அக்கா எனக்கு எவ்வளோ ஊறுகா குடுத்துருக்காங்க, அதுக்குக் கணக்கு வச்சீங்களா?" என்று அடக்கிவிடுவார். ஸ்டேஷனில் என்னோடு வேலை பார்த்த போர்ட்டர், ரேணிகுண்டா பக்கத்துக்காரர், சாயங்காலம் ஸ்டேஷன் குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தன் சைக்கிளில் கட்டி எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டு அனுமதி வாங்கியதும் அவர்தான்.

இதையெல்லாம் அப்போது நன்றியோடு நினைத்தேன் என்று சொல்ல முடியாது. கணக்காகத்தான் நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், இன்று என்ன வந்தது என்று மனத்துக்குள் எண்ணுவேன். ஒரு குடம் தண்ணீர். பாய் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு. அவள் கால் கட்டைவிரலை அசைத்தாள். போனது என்ன என்று எண்ண ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஆகவே வந்ததை எண்ணினேன். வேறு பெரிய காரணம் இல்லை.

டாக்டர் பேசச் சொன்னாரே என்று ஒரு முயற்சி செய்தேன். சீப்பு, டம்ளர், கரண்டி, பூட்டு என்று பொருள்களைக் கொண்டுவந்து அவள் எதிரில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன? சொல்லு" என்று கேட்டேன். அவள் வாயைக் கோணிப் பார்த்தாள். ஏதோ ஒரு சத்தம் வந்தது. "இல்ல, சீப்பு. சீ... ப்பு" என்றேன். நாலைந்து நாள் இப்படி நடந்தது. ஒரு நாள் இடது கையால் சீப்பைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வாசலில் நின்று பார்த்திருந்த பாயின் மனைவி, "சார், நீங்க பரீட்சை வைக்காதீங்க. அக்காவுக்கு நீங்க வாத்தியாரா, வூட்டுக்காரரா?" என்றார். அவரும் தன் வழியில் முயன்றுகொண்டுதான் இருந்தார். அடுத்த தெருக் கல்யாணம், ஒர்க்‌ஷாப் சண்டை, தக்காளி விலை என்று காலையிலிருந்து அவளிடம் பேசித் தீர்ப்பார். அதற்கும் பதில் இல்லை.

நான் சீப்பையும் டம்ளரையும் எடுத்து உள்ளே வைத்தேன். ஆனால் பேச வேண்டுமே. எனக்கு என்ன பேசத் தெரியும்? அன்றைய பார்சல் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே சொல்லுவேன்.

"இன்னிக்கி மல்லி பதினோரு கூடை. நேத்து ஒம்போதுதான். கனகாம்பரம் மூணு. லுங்கி மூட்டை ஆறு வந்தது, அதுல ஒண்ணு நனைஞ்சிருந்தது, வாங்க மாட்டேன்னுட்டேன். கோழிக் கூண்டு ரெண்டு. ஒரு சேவல் அரக்கோணம் வரைக்கும் கூவிகினே போயிருக்கும்."

சுவரைப் பார்த்திருந்த முகம் என் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பதினைந்து வருடத்தில் அவளிடம் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை. மறுநாளிலிருந்து நான் வருகிற நேரத்துக்கு அவள் முகம் வாசல் பக்கம் இருக்கும் என்று பாயின் மனைவி சொன்னார். அதையும் அன்றைய வரவில் சேர்த்துக்கொண்டேன்.

தை மாதம் நைனா அரிசியோடு வந்தார். முன்னெல்லாம் வந்தால் ஒரு வாய் காபி குடித்துவிட்டு அடுத்த வண்டிக்கே கிளம்பிவிடுவார். அன்று உட்கார்ந்தார். மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க பொம்பள ஆள் இல்ல. எவ்ளோ நாள் பக்கத்து வூட்டம்மா பாத்துக்குவாங்க? நம்ம வூட்ல அவ அத்த இருக்குறா, தம்பி பொண்டாட்டி இருக்குறா. நாலு பேரு பேசிகினு இருந்தா இவளுக்கும் பேச்சு வரும். மாசி பொறந்ததும் வந்து அழைச்சினு போறேன்."

"எப்ப திரும்பி வருவா மாமா?"

"பேச்சு வரட்டும்."

பேச்சு வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் போனபின் அவளிடம் கேட்டேன்: "நகரிக்குப் போறியா?" ஆம், இல்லை என்று தலையாட்ட அவளுக்கு அப்போது முடியும். ஆனால் ஆட்டவில்லை. என்னையே பார்த்திருந்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்குச் சுமையாக இருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். அதை அவள் சொல்லித் தெரிந்துகொள்ள நான் இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மூட்டை கூடத்தின் நடுவில் இருந்தது. மறுநாள் எனக்கு வாராந்திர ஓய்வு. அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, பாயை விரித்து, படியை எடுத்துக்கொண்டு அரிசியை அளக்க உட்கார்ந்தேன். அதுவரை சில மாதமாக நான் அளக்கவே இல்லை. மூட்டையை அப்படியே டின்னில் கவிழ்த்துவிடுவேன். அன்று ஏன் அளக்கத் தோன்றியது என்று இப்போது யோசித்தால், எண்ணுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது என்றுதான் சொல்ல முடிகிறது.

ஒரு படி நிரப்பி, தலை தட்டி, டின்னில் கொட்டி, "ஒண்ணு" என்றேன்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினேன். இடது கையால் தரையை அடித்திருந்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று டம்ளரை எடுத்துப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். திரும்பி வந்து அடுத்த படியைக் கொட்டி, "ரெண்டு" என்றேன். மறுபடி தரையில் அடி, இந்த முறை பலமாக. கையை நீட்டி டின்னைக் காட்டினாள், மூட்டையைக் காட்டினாள். கொட்டியதைத் திரும்பப் போடு என்கிறாள் என்று புரிந்தது. எதற்கு என்று புரியவில்லை. கொட்டிய அரிசியை மூட்டையிலேயே போட்டுவிட்டு, மறுபடி ஒரு படி நிரப்பி, "ஒண்ணு" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. உதடு ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பயந்து எழுந்தேன்.

"லா..." என்றாள். "லா... பம்."

அரிசி அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. எனக்கும் தெரியாததில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பூக்கூடைகளையும் மூட்டைகளையும் எண்ணி எண்ணி, எதையும் ஒன்றில் தொடங்குவதே எனக்குப் பழகிவிட்டது. அவளோ அரிசிக் கடையில் வளர்ந்தவள். அப்பா அனுப்பிய அரிசியை அவள் எதிரில் ஒருவன் ஒன்று என்று சொல்லி அளப்பதை அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

நான் படியோடு அப்படியே நின்றேன். அவள் கண்ணால் டின்னைக் காட்டினாள். கொட்டினேன்.

"லாபம்" என்றேன் நான்.

அடுத்த படியை நிரப்பினேன். வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

"ரெண்டு" என்றாள்.

"மூடு" என்றாள். "நாலுகு." "ஐது." பள்ளிக்கூடத்தில் படித்த தெலுங்கு எண்கள். தட்டுத் தடுமாறித்தான் வந்தன. ஆனால் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே கொட்டியதில் அரிசி பாயில் சிந்தியது. தலை தட்ட மறந்துவிட்டேன். அதற்கும் தரையில் ஒரு அடி விழுந்தது. பதின்மூன்றாவது படி வந்ததும் "பதமூடு" என்று சொல்லிவிட்டு, டின்னைப் பார்த்து, மூட்டையைப் பார்த்து, கோணலாகச் சிரித்தாள். நைனா அந்த மாதமும் ஒன்று சேர்த்துத்தான் போட்டிருந்தார்.

மூட்டை காலியாகிவிட்டது. எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. நிறுத்தினால் போய்விடுமோ என்று பயம். டின்னைத் தூக்கி அரிசி முழுவதையும் மறுபடி மூட்டையில் கொட்டினேன். "சரியா அளந்தேனான்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டே முதலிலிருந்து தொடங்கினேன். லாபம் என்று அவளே தொடங்கினாள். அதுவும் முடிந்ததும் மூன்றாம் முறை. நடுவில் பாயின் மனைவி வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், அரிசி கொறையுதா?"

"இல்லம்மா. சரியாத்தான் இருக்குது."

"அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப அளந்துகினு இருக்கீங்க?"

"எனிமிதி" என்றாள் என் மனைவி, எட்டாவது படிக்கு.

பாயின் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு மாசமா நான் தொண்டத் தண்ணி வத்தப் பேசறேன், எனக்கு ஒரு வார்த்த இல்ல. அரிசிக்குப் பேசறியாக்கா நீ?" என்றார்.

மறுவாரம் அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் அவளை அழைத்துப்போய் இதைச் சொன்னேன். அவர் அவ்வளவாகச் சந்தோஷப்படவில்லை. எண்ணுவது வேறு, நினைத்ததைச் சொல்லுவது வேறு என்றார். எண், பாட்டு, சாமி பெயர் இவையெல்லாம் வாய்க்குப் பழகிப்போனவை, தானாக வரும். அதை வைத்துப் பேச்சு வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எண்ண விடுங்கள் என்றார். அதை அவர் சொல்ல வேண்டியதே இல்லை. வீட்டில் எது கிடைத்தாலும் எண்ணினோம். வெங்காயம், துணி மாட்டும் கிளிப்பு, மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள். குரங்குகள் இடம் மாறிக்கொண்டே இருக்குமாகையால் அவளுக்குக் கோபம் வரும்.

மாசி பிறந்து நைனா வந்தார். அந்த முறை அரிசி மூட்டையோடு ஒரு காலிப் பையும் கொண்டுவந்திருந்தார், அவள் துணிகளுக்கு. நான் பாயை விரித்து, மூட்டையைப் பிரித்து, படியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே அளங்க மாமா" என்றேன். அவர் குழம்பிப்போய் ஒரு படி கொட்டினார். அவர் வாய் திறக்கும் முன்பே "லாபம்" என்று அவள் குரல் கேட்டது. பெரியவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அளந்தார். அவர் அளக்க, அவள் எண்ண, கடைசிப் படிவரை இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அளந்து முடித்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நைனா என்னிடம் கேட்டார்.

"எண்ணுறது பேச்சு ஆயிடுமா மாப்ள?"

"எங்க வூட்ல அதான் பேச்சு மாமா" என்றேன். "நானும் அதுக்கு மேல பேசினது இல்ல."

அவர் சிரிக்கவில்லை. மகளிடம் திரும்பி, "ஏம்மா, நகரிக்கு வரியா?" என்றார். அவள் இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு முறை ஆட்டியது போதாதென்று இன்னும் இரண்டு முறை ஆட்டினாள். அவர் காலிப் பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு, அடுத்த வண்டிக்கே கிளம்பினார்.

அதற்குப் பிறகு வார்த்தைகள் உதிரியாக வந்தன. தண்ணீர் என்பதற்கு முன்னால் "நீள்ளு" வந்தது. போதும் என்பதற்கு "சாலு". ஒரு நாள் நான் தட்டை நீட்டியதும் "வத்து" என்றாள். எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஸ்டேஷனில் எண்களை மட்டுமே தெலுங்கில் கற்றிருந்தேன். தெலுங்குக்காரரான போர்ட்டரிடம் போய்க் கேட்டேன்.

"வத்துன்னா வேணாம் சார். எத வேணாம்னாங்க?"

"உப்புமாவை."

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"அப்ப ஒண்ணும் கவலப்படாதீங்க. அம்மாவுக்குப் புத்தி முழுசா இருக்குது" என்றார்.

மழை அந்தக் கோடையிலும் சரியாகப் பெய்யவில்லை. அவள் வலது கை முழுதாகத் திரும்பவே இல்லை, இன்றுவரை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன, சில நாள் வந்தது மறுநாள் போனது. நானோ விடாமல் கவலைப்பட்டேன். வந்தது நின்றுவிடுமோ, நின்றது திரும்பி வராதோ என்று. ஆனால் சாயங்காலக் கணக்கு நிற்கவில்லை. ஒரு குடம். ஒரு கிண்ணம். "சாலு." ஒரு சிரிப்பு. சில நாள் கணக்கு ஒன்றோடு முடிந்துவிடும். பூஜ்யமாக முடிந்த நாள் என்று எதுவும் எனக்கு நினைவில்லை. நினைவு தப்பாகவும் இருக்கலாம்.

அடுத்த ஆடிக் கிருத்திகை வந்தது. இந்த வருடம் மோர்ப் பானை வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. பாயின் மனைவி தயிர் கடைந்து கொடுத்தார். வாசலில் ஒரு முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தோம். இடது கையால் கரண்டியைப் பிடித்து மோரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் காவடிகளின் சிலம்பொலி கேட்கத் தொடங்கியிருந்தது. எனக்குச் சிறப்பு ரயில்களுக்கு நேரமாகிவிட்டது. சட்டைப் பையில் சாவிக் கொத்தைப் போட்டுக்கொண்டு, வாசலில் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"சாவி" என்றாள்.

நிமிர்ந்தேன்.

"சாவி... எடு... எடுத்தீங்...?"

முழுதாக வரவில்லை. ஆனால் கேள்வி முழுதாக இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை. ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டும் வரவில்லை. அவளாக நினைத்து, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

வழக்கம்போல் "ம்" சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்குப் போக மனமில்லை. இன்னும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. "ஐயோ, மறந்துட்டனே. எங்க வச்சேன்?" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் திரும்பினேன். திரும்பிய வேகத்தில் சட்டைப் பையில் கொத்து சலசலத்தது.

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"பொய்" என்றாள்.

தெளிவாகத்தான் சொன்னாள். மோர் வாங்க வந்து நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பாயின் மனைவி பானைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னாக்கா, காலங்காத்தால சாரைத் திட்றியா?"

"ம்" என்றாள் என் மனைவி, என்னைப்போலவே, திரும்பிப் பார்க்காமல். பிறகு முதலில் நின்றவரின் சொம்பில் மோரை ஊற்றினாள்.

அன்று ஸ்டேஷனுக்கு நேரம் கழித்துத்தான் போனேன். பூக்கூடைகள் மேடையில் வரிசையாகக் காத்திருந்தன. போர்ட்டர் முதல் கூடையைத் தூக்கினார். நான் சீட்டை ஒட்டி, "லாபம்" என்றேன்.

அவர் கூடையைத் தலையில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். "மல்லி சார் இது. அரிசி இல்ல."

"தெரியும்" என்றேன். "அடுத்தத எடு."